மேலே பழைய உப்பு, அடியில் புது உப்பு

நீங்கள் எனக்குப் பழைய உப்பு என்று சொல்லிப் புது உப்பை விற்றீர்கள். தெரிந்தே விற்றீர்கள். பண்ருட்டியில் உப்பு மண்டி வைத்திருக்கிற உங்களைத்தான் சொல்கிறேன். பெயர் எழுதப் போவதில்லை. எழுதாவிட்டாலும் உங்களுக்குப் புரியும்.

இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தவளுக்கு இப்போது என்ன வந்தது என்று கேட்பீர்கள். போன தை மாதம் உங்களுக்கு மேடை போட்டுச் சால்வை போர்த்தினார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். மைக்கைப் பிடித்துக்கொண்டு, "என் யாவாரத்துல ஒரு கைப்பிடி உப்புலகூட யாரையும் ஏமாத்தனதில்ல" என்றீர்கள். ஜனம் கை தட்டியது. நான் தட்டவில்லை. எழுந்து வெளியே வந்து பஸ் ஏறிவிட்டேன்.

உங்களுக்கு மறந்திருக்கலாம். படிக்கிறவர்களுக்கு எதுவும் தெரியாது. ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன்.

நெய்வேலியில் சுரங்கம் வந்து டவுன்ஷிப் எழும்பிய புதிதில் என் வீட்டுக்காரருக்கு மைன்ஸில் வேலை பர்மனென்ட் ஆனது. குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள். எங்கள் ஆட்கள் முத்தாண்டிக்குப்பம் பக்கத்தில் தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்தவர்கள். சிமென்ட் தரையும் குழாய்த் தண்ணீரும் உள்ள வீட்டில் நான் முதன்முதலில் குடியிருந்தது அங்கேதான். எங்கள் வரிசையில் இருந்த ஆறு வீட்டுக்காரர்களும் ஆறு ஊர். முதல் வீட்டில் மதுரைப் பக்கத்திலிருந்து வந்த அக்கா. அவள் வீட்டுக்காரர் ஃபோர்மேன். அதனால் வரிசைக்கே அவள்தான் ஃபோர்மேன். பக்கத்து வீட்டில் பண்ருட்டி முஸ்லிம் குடும்பம். அந்த அம்மாவை நான் அவர்கள் வழக்கப்படி லாத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிடுவேன். லாத்தாவின் தம்பி கறிக்கடை வைத்திருந்தார். மற்ற மூன்று வீட்டுக்காரர்கள் பாவம், மதுரை அக்கா எந்தப் பக்கம் தலையாட்டுகிறாளோ அந்தப் பக்கம் தலையாட்டுகிறவர்கள்.

ஆவணி கடைசியில் ஆறு வீடும் சேர்ந்து ஆடு வாங்குவோம். புரட்டாசி பிறந்தால் பாதி வீட்டில் கறி எடுக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு அடைமழை. மழையில் கடைக்குக் கறி வராது. வந்தாலும் சேற்றில் யார் போவது? ஆகவே கொஞ்சத்தைத் தின்றுவிட்டு மீதியை உப்புக்கண்டம் போட்டு வைத்துக்கொள்வோம். லாத்தாவின் தம்பி வந்து ஆட்டை அறுத்துக் கொடுப்பார். மதுரை அக்கா கூறு போடுவாள். கறியை வார் வாராகக் கீறி, உப்பும் மஞ்சளும் தேய்த்து, கோணி ஊசியால் நூலில் கோத்துத் தொங்கவிடுவது என் வேலை. யாரும் என் தலையில் கட்டவில்லை. முந்தின வருஷம் நான் போட்ட கண்டத்தைத் தின்று பார்த்துவிட்டு அவர்களாகத்தான் கேட்டார்கள். எங்கள் ஆட்களிடம் கறி கிடைப்பதே அபூர்வம். கிடைத்ததைக் கெடாமல் வைக்கத் தெரியாவிட்டால் பிழைப்பு நடக்காது. எனக்குத் தெரியும். இன்றைக்கும் தெரியும்.

கண்டத்துக்கு உப்புத்தான் எல்லாம். எந்த உப்பையாவது அள்ளிப் போட முடியாது. உப்பளத்தில் வாரின புது உப்பு வெள்ளையாக மினுமினுக்கும், பார்க்க ஆசையாக இருக்கும். உள்ளே கசப்புத் தண்ணீர் நிற்கும். ஒரு மழைக்காலம் குவியலில் கிடந்து அந்தத் தண்ணீர் வடிந்தால்தான் உப்பு கறிக்கு ஆகும். பழைய உப்பை அள்ளிக் கொட்டினால் சரளைக்கல் மாதிரி சத்தம் கேட்கும், உள்ளங்கையில் ஒட்டாது. புது உப்பு ஒட்டும். நாக்கில் வைத்தால் கரிக்கும், போகப் போகக் கசக்கும். புது உப்புப் போட்ட கறி பகல் வெயிலில் காய்ந்த மாதிரி ஏமாற்றும். ராத்திரி ஈரக்காற்று அடித்தால் தண்ணீரைத் திரும்ப இழுத்துக்கொண்டு பிசுபிசு என்று ஆகிவிடும். அப்புறம் ஈ, அப்புறம் புழு.

தெருவில் வண்டியில் வந்த உப்பு சோற்றுக்கும் குழம்புக்கும் சரி. டவுன்ஷிப்பில் மெஷின் பூட்ட வந்த வெள்ளைக்காரர்களுக்குக்கூட இந்த உப்புதான் தலைவலி. அவர்கள் வீட்டில் ஆட்டுக்குடலைக் கழுவி, கொத்தின கறியை உப்போடு அடைத்துக் கட்டித் தொங்கவிடுவார்களாம். இந்த ஊர் உப்பு ஈரம் என்று துரைசானி வாணலியில் வறுத்து இடித்துப் போடுவாளாம். அங்கே வேலை செய்தவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு அந்தப் பாடு வேண்டாம் என்றுதான் பண்ருட்டிக்கு பஸ் ஏறி உங்கள் மண்டிக்கு வந்தேன். மரக்காணத்து உப்பை வருஷக்கணக்கில் கட்டி வைக்கிற மண்டி என்று உங்களுக்குப் பெயர்.

உங்கள் கடை வாசலில் நடந்தது எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது.

"மொதலாளி, கண்டம் போடறதுக்கு உப்பு வேணும். போன வருசத்து உப்பா குடுங்க."

"என்னா கண்டம்? ஆடா, மாடா?" என்று கேட்டு, பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துக் கண்ணடித்தீர்கள்.

"ஆடுதாங்க. எதுவா இருந்தா உப்புக்கு என்னா? உப்பு பழசா இருக்கணும்."

"ஏம்மா, எங்கிட்ட வந்து பழசான்னு கேக்கறியே. அந்தா பாரு, மூட்டையா தச்சு வெச்சிருக்கேன். மேல பிரிச்சுப் பாத்துக்க."

பிரித்தேன். மணிக்கட்டு முழுகக் கையை விட்டு அள்ளினேன். சத்தம் சரியாக இருந்தது. கையில் ஒட்டவில்லை. வாயில் போட்டுப் பார்த்தேன், கசப்பு இல்லை. இன்னும் ஆழமாகக் கையை விடப் போனேன். நீங்கள் சிரித்தீர்கள்.

"என்னாம்மா, கிணறா தோண்டுற? கவுத்துக் கொட்டிப் பாத்துட்டுத்தான் போவியா? உன் பஸ்ஸு கெளம்பிடும்."

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மூட்டையைக் கட்டித் தலையில் தூக்கி வைத்தார்கள். நான் வந்துவிட்டேன்.

ஆட்டை அறுத்து, கூறு போட்டு, வீட்டுக்கு வீடு கறி பிரித்தாயிற்று. நான் பின்பக்கம் உட்கார்ந்து உப்புத் தேய்க்க ஆரம்பித்தேன். என் தாய் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. நாலு பேர் பங்கில் கை வைக்கிறவள் முதலில் தன் பங்கில் கை வைக்க வேண்டும். உப்பு கூடிப்போனாலும் குறைந்துபோனாலும் அது அவள் கறியோடு போகட்டும், அடுத்தவர் கறி தப்பிக்கட்டும் என்பதற்காக. ஆகவே முதலில் என் பங்கு. அடுத்தது லாத்தா பங்கு. பிறகு வரிசையாக மற்ற வீடுகள். கடைசியில் மதுரை அக்கா பங்கு. அவளுடையது மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் பெரிய கூறு. கூறு போடுகிறவளுக்கு அது சகஜம், யாரும் கேட்பதில்லை. எது யார் வீட்டு நூல் என்று தெரிய அந்தந்த வீட்டுப் பழைய சேலையில் ஒரு கிழிசலைக் கட்டிவிட்டோம். என்னுடையது பச்சை. அக்காவுடையது சிவப்பு.

அடி உப்பை அள்ளும்போது உனக்குத் தெரியவில்லையா என்று யாராவது கேட்பீர்கள். கையில் பச்சைக் கறி. முழங்கை வரைக்கும் கறித் தண்ணீர். உப்பு ஒட்டுகிறதா, கறி ஒட்டுகிறதா என்று அந்த நேரத்தில் யார் கையும் சொல்லாது. கேட்கிறவர்கள் ஒரு ஆட்டுக்கு உப்புத் தேய்த்துப் பார்த்துவிட்டு வந்து கேட்கட்டும்.

கொடியில் கட்டி, நிலக்கரித் தூசி படாமல் மேலே பழைய வேட்டியைப் போர்த்தினோம். நல்ல வெயில். எல்லா நூலும் ஒரே மாதிரி காய்ந்தது போலத்தான் இருந்தது. பிறகு இரண்டு நாள் சாயங்காலம் இடி மழை. நனையாமல் உள்ளே எடுத்துக் கட்டினோம். மறுநாள் காலையில் போர்வையை விலக்கினால் வாடை குப்பென்று அடித்தது. சிவப்பு நூல் முழுக்கச் சொதசொத என்று தொங்கியது. மற்ற மூன்று வீட்டு நூலும் அப்படியே. லாத்தா வீட்டு நூலில் பாதி நன்றாக இருந்தது, பாதி போச்சு. என் பச்சை நூல் மட்டும் விறகுச் சுள்ளி மாதிரி காய்ந்து கிடந்தது. தட்டினால் டக் டக் என்றது.

மதுரை அக்கா முதலில் தன் நூலைப் பார்த்தாள். பிறகு என் நூலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இது என்னத்தா கூத்து? அம்புட்டுப் பேரு கறியும் அழுகுமாம், இவ கறி மட்டும் அழுகாதாம்!"

"அக்கா, உப்பு கோளாறு போலருக்கு. இருங்க, பாக்கறேன்."

"உப்பு ஆள் பாத்துக் கெடுக்குமோ? முதல்ல தன் பங்குக்கு அள்ளி அள்ளித் தேச்சா. நான் கண்ணால பாத்தேன்ல. ஊரான் பங்குன்னதும் உப்பைப் பதுக்கிட்டா. மிச்ச உப்பை வீட்டுக்குச் சேத்து வச்சிருப்பா, போய்ப் பாருங்க."

"யாரு பதுக்கனா? இந்தா இருக்குது மூட்டை. வந்து பாருங்க."

"வயக்காட்டுக் கூலி புத்தி குவார்ட்டர்ஸ் குடுத்தா மாறுமா?"

அதை அவள் சத்தமாகச் சொன்னாள். ஷிப்ட் முடிந்து வந்த ஆம்பளைகள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டார்கள். அவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர்.

நான் மூட்டையில் மிச்சம் இருந்த உப்பை முறத்தில் கொட்டினேன். பளபள என்று வெள்ளையாக விழுந்தது. சத்தமே இல்லை. வாயில் போட்டேன், கசந்தது. அப்போதே விஷயம் விளங்கிவிட்டது. மேலே ஒரு பங்குக்கும் அடுத்த பங்கில் பாதிக்கும் காணும் அளவுக்குப் பழைய உப்பு. அதன் கீழே முழுக்கப் புது உப்பு. அதனால்தான் என் நூல் காய்ந்தது, லாத்தா நூல் பாதி காய்ந்தது, மற்றது போனது. முதலில் நஷ்டம் எனக்கு வரட்டும் என்று என் பங்கில் கை வைத்தேன். அதையே பிடித்துக்கொண்டு என்னைக் கள்ளி என்றார்கள்.

லாத்தா முன்னால் வந்து உப்பை வாயில் போட்டுப் பார்த்துத் துப்பினார். "கசக்குதும்மா. இது இந்த வருசத்து உப்பு. தங்கச்சி மேல ஒரு தப்பும் இல்ல. என் நூலப் பாருங்க, நடுவுலேந்து தான போயிருக்கு?" என்றார்.

"பக்கத்து வீடு, பகுத்துக்கிட்டீக போல. உங்க தம்பிக்கும் கமிஷனா?" என்றாள் மதுரை அக்கா. லாத்தா முகம் சிறுத்துப் போனது. அதற்கு மேல் அவர் பேசவில்லை. பிழைக்க வந்த இடத்தில் தம்பி கடைக்கு ஆள் வர வேண்டும் அல்லவா? நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

"புது உப்புன்னா வறுத்துப் போட்டிருக்கலாம்ல?" என்றாள் இன்னொருத்தி.

"வறுத்தா ஈரம் போவும், கசப்பு போவுமா? தெரிஞ்சா பேசு" என்றேன். அவளும் அன்றிலிருந்து பேசவில்லை.

வீட்டுக்குள் வந்ததும் என் வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார். "நம்ம நூல எடுத்து ஆறு வூட்டுக்கும் பிரிச்சுக் குடுத்துடு. சண்டை தீந்துடும். ஃபோர்மேன் மூஞ்சில நான் டெய்லி முழிக்கணும்."

"குடுத்தா என்னா அர்த்தம் தெரியுமா? எடுத்தத திருப்பிக் குடுத்துட்டான்னு அர்த்தம். நான் எடுக்கல. குடுக்க மாட்டேன்."

"ஒரு ஆட்டுக் கறிக்காக எல்லாரையும் பகைச்சிக்கினு எப்படி இருக்கறது?"

"பகைச்சிக்கினு இருக்கலாம். கள்ளின்னு பேரு வாங்கிக்கினு இருக்க முடியாது. உனக்கு வேணும்னா நீ போய் அவங்க கால்ல வுழு."

அவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். நல்ல மனுஷன். ஆனால் அன்றைக்கு அவர் சொன்னது தப்பு.

மறுநாள் அந்த முறத்து உப்பைத் துணியில் முடிந்துகொண்டு உங்கள் மண்டிக்கு வந்தேன். இப்போதாவது ஞாபகம் வருகிறதா? கூட்டமான நேரம். நான் ஓரமாக நிற்கவில்லை. நேராகக் கல்லாவுக்கு வந்தேன்.

"மொதலாளி, மேல பழசு போட்டு, அடியில புதுசு போட்டு மூட்டை கட்டனது யாரு?"

"என்னாம்மா பேசற? உப்புன்னா மழைக்காலத்துல வேர்க்கும். இது தெரியாதா?"

"வேர்த்த உப்பு கசக்குமா? வாயில போட்டுப் பாருங்க."

முடிச்சை அவிழ்த்து உங்கள் முன்னால் வைத்தேன். நீங்கள் உப்பைப் பார்த்தீர்கள். தொடவில்லை. தராசில் இருந்த ஆளைப் பார்த்தீர்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். "வாயில போட்டுப் பாருங்க மொதலாளி, உங்க உப்புதான" என்று திரும்பவும் சொன்னேன். நாள் முழுக்க உப்பில் உட்கார்ந்திருக்கிறவர் ஒரு கல் உப்பை வாயில் போடப் பயப்பட்டீர்கள்.

நான் உங்களிடம் காசு கேட்கவில்லை. கறிக்கு நஷ்டம் கேட்கவில்லை. கேட்டது ஒன்றுதான். "எங்க பிளாக்குக்கு வந்து, ஆறு வீட்டுப் பொம்பளைங்க முன்னால, உப்புலதான் கோளாறு, இவ மேல தப்பு இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க. பஸ்ஸு ஏறி வந்தா ஆச்சு."

"ஒரு மூட்டை உப்புக்காக நான் நெய்வேலிக்கு வரணுமா? யார்கிட்ட பேசறன்னு தெரிஞ்சுதான் பேசறியா?" என்றீர்கள். பிறகு குரலை இறக்கினீர்கள். "சரி, வுடு. நல்ல உப்பா ஒரு மூட்டை தரச் சொல்றேன். எடுத்துக்கினு போ. இங்க நின்னு சத்தம் போடாத."

தப்பு செய்யாத வியாபாரி எதற்கு இன்னொரு மூட்டை தருவான்? அதுவும் 'நல்ல உப்பு' என்று தன் வாயால் சொல்லித் தருவான்? உள்ளேயிருந்து மூட்டை வந்தது. நான் அதைத் தொடவில்லை. கொண்டுபோன உப்பை உங்கள் கல்லாப் பலகை மேலேயே விட்டுவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததையும் கேளுங்கள். மழைக்காலம் முழுக்க என் கண்டத்தை வறுத்தேன். கதவைச் சாத்தவில்லை. வாடை ஆறு வீட்டுக்கும் போனது. "மோப்பம் புடிக்கிறவங்க புடிக்கட்டும்" என்று வேண்டுமென்றேதான் சொன்னேன். லாத்தாவுக்கு மட்டும் கொடுத்தேன். அடுத்த ஆவணியில் ஐந்து வீடு சேர்ந்து ஆடு வாங்கினார்கள், என்னைக் கூப்பிடவில்லை. நான் லாத்தா தம்பியிடம் தனியாகக் கறி வாங்கினேன். நெல்லிக்குப்பத்தில் ஒரு கடையில் பழைய உப்பு கிடைத்தது. மூட்டையைக் கடை வாசலிலேயே சாக்கில் கவிழ்த்துக் கொட்டிப் பார்த்துத்தான் வாங்கினேன். கடைக்காரர் முறைத்தார். முறைத்தால் என்ன? என் கண்டம் எப்போதும் போலக் காய்ந்தது. அவர்கள் கண்டம் போடவே இல்லை, போடத் தெரிந்தவள் யாரும் அங்கே இல்லை.

ஆனால் பெயர் போகவில்லை. எங்கள் பிளாக்கில் எவளாவது நல்லதைத் தனக்கு எடுத்துக்கொண்டால், "பச்ச நூலு கட்டிட்டா" என்பார்கள். எதிலிருந்து வந்த பேச்சு என்று தெரியாத புதுக் குடித்தனக்காரர்களும் சொன்னார்கள். என் மகள் பள்ளிக்கூடத்தில் தின்பண்டம் பிரிக்கப் போனால், "நீ பிரிக்காத, பச்ச நூலு" என்று தட்டிவிட்டார்களாம். அழுதுகொண்டு வந்தாள். "அழாத, நாளைக்கு நீயே பிரி, உனக்குக் கடைசியா எடுத்துக்க" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. என் தாய் வீட்டு வழக்கம் என்ன, நான் என் மகளுக்குச் சொல்வது என்ன? அப்புறம் கண்டத்துக்கு உட்கார்ந்தால் அவளை முதலில் எங்கள் பங்கில்தான் கை வைக்கச் சொன்னேன். அதை மாற்ற எனக்கு மனசு வரவில்லை. மாற்றவும் இல்லை.

மதுரை அக்கா அவள் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆனதும் ஊருக்குப் போனாள். போகும்போது எல்லா வீட்டுக்கும் சொல்லிக்கொண்டு போனவள் என் வீட்டுக்கும் வந்தாள். "எல்லாத்தையும் மறந்துருடி, நானும் மன்னிச்சுட்டேன்" என்றாள். அவள் என்னை மன்னித்தாளாம்! "நீங்க மன்னிக்க நான் ஒண்ணும் செய்யல அக்கா, போய்ட்டு வாங்க" என்றேன். அவளோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை. அவளும் கறியை இழந்தவள்தான். அவளுக்கு உண்மை தெரியாது. தெரிந்தும் சொல்லாதவர் ஒருத்தர்தான். அவர் சால்வை போர்த்திக்கொண்டு மேடையில் நிற்கிறார்.

ஆகவே கேட்கிறேன். தைத்த மூட்டையில் இரண்டு வேறு வேறு வருஷத்து உப்பு தானாக வந்து சேராது. யார் கட்டச் சொன்னது? ஒரு மூட்டைதானா, இல்லை குவியல் குவியலாக அப்படித்தான் கட்டினீர்களா? என்னைப் போல எத்தனை பொம்பளைகள் அந்த உப்பை வாங்கிப்போய், தன் கையில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டு வாயை மூடினார்கள்?

ஆள் விட்டு என்னைக் கூப்பிட வேண்டாம். வீட்டுக்குப் பழம், இனிப்பு கொடுத்தனுப்ப வேண்டாம். வயசாகிவிட்டது, விட்டுவிடு என்று யாரும் எனக்குப் புத்தி சொல்லவும் வேண்டாம், எனக்கும் வயசாகிவிட்டது. எங்கள் வரிசையில் இருந்தவர்களில் மிச்சம் இருக்கிறவர்களை நான் கூட்டி வருகிறேன். லாத்தா இன்னும் இருக்கிறார், நடக்கத்தான் முடியாது, தூக்கிக்கொண்டாவது வருவேன். மதுரைக்கும் கடிதம் போடுவேன். சந்தை நாளில் உங்கள் மண்டி வாசலில் ஜனம் நிறைந்திருக்கும்போது வருகிறோம். நீங்கள் வெளியே வந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, அந்த மூட்டையின் அடியில் என்ன உப்பு இருந்தது என்று சொல்லுங்கள்.